பாடு

2017 டிசம்பர் இரண்டாம் வாரம். ஒக்கிப் புயல் அடித்துப் பத்து நாள் கடந்திருந்தது. எங்கள் பங்குக் கோவிலிலிருந்து அரிசியும் போர்வையும் ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி வள்ளவிளைக்குப் போனது. நானும் ஏறிக்கொண்டேன். களியக்காவிளைக்கு உள்ளே ரப்பர் மரங்களுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். கடற்கரை எங்களுக்கு அரை மணி நேரத் தூரம்தான் என்றாலும், மீன் வாங்குவதையும் திருவிழாவையும் விட்டால் அந்தப் பக்கம் போவது குறைவு.

நீரோடி, மார்த்தாண்டந்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை. கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை வரிசையாகக் கிடக்கும் எட்டுக் கடற்கரை ஊர்கள். தமிழ்நாட்டில் இருந்தாலும் இவற்றின் ஆயர் (பிஷப்) இருப்பது திருவனந்தபுரத்தில். இந்த ஊர்க்காரர்கள் ஆழ்கடல் தொழில் செய்கிறவர்கள். ஒருமுறை போனால் வாரக்கணக்கில் கடலிலேயே கிடப்பார்கள். நவம்பர் 30 அன்று காற்று திரும்பியபோது அவர்களில் நிறையப் பேர் கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தார்கள்.

ஒரு வீட்டு முற்றத்தில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். கணவரும் தம்பியும் ஒரே போட்டில் போனவர்கள். நான் அரிசிப் பையை இறக்கி வைத்துவிட்டு, எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற பதற்றத்தில் சொன்னேன்: "எல்லாம் கடவுளுடைய சித்தம் அக்கா. அவர் நம்மைச் சோதிப்பார், ஆனா கைவிடமாட்டார்."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. "மக்களே, நீ ஒண்ணும் சொல்லாண்டாம். இங்கன கொஞ்ச நேரம் இரி," என்றார்.

உட்கார்ந்தேன். யாரோ கட்டன்சாயா கொண்டுவந்து தந்தார்கள். ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் முற்றத்தில் இருந்த எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின. பிறகு ஒன்றாகக் குனிந்தன. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தேன். அந்த இரண்டு பேரும் கடைசிவரை வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

நான் அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த முற்றத்தில் சொன்ன வார்த்தைகள் என் வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவைதான். பிள்ளைகளிடம் சொன்னபோது அவை சரியாகத்தான் இருந்தன. அந்த அக்காவின் முன்னால் ஏன் அவ்வளவு அசிங்கமாக ஒலித்தன என்பதை இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பதிவு அந்த யோசனைதான்.

முதலில் ஒரு சொல். கத்தோலிக்கர்கள் நாங்கள் இயேசு பட்ட துன்பத்தைத் திருப்பாடுகள் என்கிறோம். 'பாடு' என்பது தமிழில் எவ்வளவு பெரிய சொல் என்பது கடற்கரைக்குப் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. பாடுபட்டுப் பிள்ளைகளை வளர்த்தேன் என்கிறோம், அங்கே அது உழைப்பு. அவன் பாடு அவனுக்கு என்கிறோம், அங்கே அது ஒருவனுக்கென்று விழுந்த பங்கு. பழைய மொழிபெயர்ப்பு பைபிளில் பன்னிரண்டு வருஷம் இரத்தப்போக்கால் தவித்தவள் 'பெரும்பாடுள்ள ஸ்திரீ'. கடற்கரையிலோ மீன்பாடு என்றால் வலையில் விழுகிற மீன். மீன்பாடு உண்டா என்பதுதான் அங்கே காலையில் முதலில் கேட்கிற கேள்வி. உழைப்பு, பங்கு, நோவு, விளைச்சல் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். இதில் நோவை மட்டும் தனியே பிரித்தெடுத்து, அதற்கு மாலை போட்டுக் கும்பிடச் சொல்வதைத்தான் நான் வகுப்பில் செய்துகொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த நாட்களில் கடற்கரையை விட்டு உள்ளே இருக்கும் எங்கள் ஊர்களில் ஒரு பேச்சு இருந்தது. வெளிப்படையாக இல்லை, கடை வாசலில், பேருந்தில். கடற்கரைக்காரன் குடிக்கிறான், சண்டை போடுகிறான், அதுதான் ஆண்டவர் காட்டிவிட்டார் என்று. இப்படிப்பட்ட பேச்சுக்கு இயேசுவே பதில் சொல்லியிருக்கிறார். சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்த செய்தி லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லாத மனிதனைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறபோதும் இரண்டும் இல்லை என்கிறார். பிறகு குனிந்து, மண்ணில் உமிழ்ந்து, சேறு குழைத்து அவன் கண்ணில் பூசுகிறார். அந்தக் கையைத்தான் நான் கவனிக்காமல் விட்டிருந்தேன்.

சொத்தையும் பிள்ளைகளையும் இழந்து நோயிலும் விழுந்த நல்லவர், பைபிளில் வரும் யோபு. அவருடைய கதையும் அப்படித்தான். வகுப்பில் அதைப் பொறுமைக்குப் பாடமாக நடத்திவிடுவோம். ஆனால் அந்தப் புத்தகத்தில் யோபு பொறுமையாக இருப்பது முதல் இரண்டு அதிகாரம்தான். அதற்குப் பிறகு முப்பத்தொன்றாம் அதிகாரம் வரை கத்துகிறார், வழக்காடுகிறார், பிறந்த நாளைச் சபிக்கிறார். பார்க்க வந்த நண்பர்கள் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்து கடவுளுக்காக வாதாட ஆரம்பித்த பிறகுதான் தவறினார்கள். கடைசியில் கடவுள் கோபப்படுவது அவர்கள் மேல். தன்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்கிறார், அத்தனை கத்திய பிறகும்.

இந்த யோபுவின் கதைக்கு எங்கள் மாவட்டத்தில் தனி வேர் உண்டு. 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். சிறைப்பட்டவர்களில் ஒருவர் டிலனாய். பிறகு அவரே திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுக்கிறவரானார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறையை இன்றும் பார்க்கலாம், லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கும். பத்மநாபபுரத்தில் அரசு வேலையில் இருந்த நட்டாலம் நீலகண்டன் அவருக்கு நண்பர். நீலகண்டனுக்குத் தொடர்ந்து நஷ்டம், மாடு செத்தது, பயிர் போனது. அவர் நொந்துபோய் இருந்தபோது டிலனாய் சொன்ன கதைதான் யோபுவின் கதை.

நான் வள்ளவிளையில் சொன்னதும் ஏறக்குறைய அதே கதையின் சாரம்தான். அது ஏன் அங்கே மனதைத் தொட்டது, இங்கே ஏன் குத்தியது? டிலனாய் எல்லாவற்றையும் இழந்தவர். தோற்ற படையின் ஆள், கைதி, சொந்த ஊருக்குத் திரும்பவே முடியாதவர். அவர் அந்தக் கதையைத் தன் காயத்திலிருந்து எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் அரிசி மூட்டையோடு போய், மாலையில் வீடு திரும்பப் போகிறவனாக நின்று சொன்னேன். இது என் ஊகம்தான். ஆனாலும் எனக்கு வேறு விளக்கம் தெரியவில்லை.

நீலகண்டன் 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று லாசர் ஆனார். நம் மொழியில் தேவசகாயம். 1749-ல் கைதானார். ஏறக்குறைய மூன்று வருஷம் வதை. எருமையின் மேல் ஏற்றி, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்று எங்கள் பாட்டிமார் சொல்லுவார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தோடு அவர் முழங்கையால் இடித்த பாறையில் தண்ணீர் ஊறியது என்று முட்டிடிச்சான் பாறையைக் காட்டுவார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம்.

2022 மே 15 ஞாயிற்றுக்கிழமை. ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவிப்பதை டிவியில் காட்டினார்கள். அம்மா கட்டிலில் படுத்தபடியே பார்த்தார். புற்றுநோய், திருவனந்தபுரம் ஆர்.சி.சி. ஆஸ்பத்திரிக்கு நடந்து நடந்து ஓய்ந்திருந்த நேரம். நான் உணர்ச்சிவசப்பட்டு, "எவ்வளவு கஷ்டப்பட்டிருக்காரு பாத்தியாம்மா, அதான் புனிதர்" என்றேன். அம்மா, "கஷ்டப்பட்டதுக்கா மக்களே புனிதர்? கஷ்டம் எருமைக்கும் உண்டும். அவரு சொல்லுயத விடல்ல, அதுக்காக்கும்," என்றார்.

நான் படித்த எந்த மறையியல் புத்தகத்திலும் இதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிப் பார்த்ததில்லை.

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார். அவருடைய கணவன் தினமும் குடித்துவிட்டு அடிப்பான். ஜெபக்கூட்டத்தில் ஒரு பெரியவர் அந்த அக்காவிடம், உனக்கென்று ஆண்டவர் தந்த சிலுவை இது, முறுமுறுக்காமல் சும என்று சொல்லி அனுப்பினார். அக்கா அதை நம்பினார். அம்மாவிடம் வந்து சொல்லும்போது பெருமை மாதிரி ஒன்றுகூட அவர் குரலில் இருந்தது. அம்மா இட்டிலித் தட்டைக் கீழே வைத்தார். "அது குருசு இல்ல பிள்ளே. அது அடி. குருசு நம்மளா எடுக்கணும்."

அன்று இரவே அம்மா அவரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, எல்லை தாண்டி பாறசாலையில் இருந்த அவருடைய தாய்வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். குடும்பத்தைப் பிரித்தவள் என்று பெயர் வந்தது. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வரவில்லை. கோயிலில் அம்மா உட்காரும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார ஆள் இல்லாமல் இரண்டு வருஷம் போனது. அம்மா அதை ஒருநாளும் பெரிதாகப் பேசவில்லை. அந்தக் காலிப் பெஞ்சுதான் அம்மா எடுத்த குருசு என்று எனக்குப் புரிய எவ்வளவோ நாளானது.

என் உயிரை என்னிடமிருந்து யாரும் பறிப்பதில்லை, நானாகவே கொடுக்கிறேன் என்று யோவான் நற்செய்தியில் இயேசு சொல்லும் இடம் உண்டு. தியாகத்துக்கும் கொடுமைக்கும் நடுவில் கோடு ஓடுவது அந்த 'நானாகவே'வில்தான். இன்னொருவர் தோளில் தூக்கி வைத்துவிட்டு இதுதான் உன் சிலுவை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சிலுவைப் பாதையின் ஐந்தாம் நிலையில் வழியில் வந்த சீமோனைப் பிடித்து இயேசுவின் சிலுவையைச் சுமக்க வைத்தது உரோமைச் சிப்பாய்கள், இயேசு இல்லை.

சின்ன வயதில் எனக்குப் பலி என்ற சொல்லே பயம். வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மாடன் கோயில். கொடை நாளில் கிடாவைக் கொண்டுபோவதைப் பார்ப்பேன். ஞாயிறு காலையில் நாங்கள் போவதும் திருப்பலிக்குத்தான். அப்படியானால் எங்கள் கடவுளும் இரத்தம் கேட்டாரா, அதுவும் சொந்த மகனுடைய இரத்தத்தை? இந்தக் கேள்வியை வீட்டில் கேட்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. பெரியவனாகி, 11-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் அன்செல்ம் என்ற இறையியலாளர் எழுதிய விளக்கத்தைப் படித்தேன். மனிதனுடைய பாவத்தால் கடவுளின் மாண்புக்கு ஏற்பட்ட கடனை மனிதனால் அடைக்க முடியாது, கடவுள்-மனிதன்தான் அடைக்க முடியும் என்கிற வாதம். அது அறிவாளியின் கட்டடம், அதன் அழகு எனக்குத் தெரிகிறது. ஆனால் நம் ஊரில் அது பிரசங்கமாக இறங்கி வரும்போது கடவுள் வட்டிக்காரர் மாதிரி ஆகிவிடுகிறார். எனக்குப் பிடி கிடைத்தது வேறிடத்தில். பலியை விட இரக்கத்தையே விரும்புகிறேன் என்ற ஓசேயாவின் வாக்கு. மத்தேயு நற்செய்தியில் அதை இயேசு இரண்டு முறை எடுத்துச் சொல்கிறார். திருப்பலியில் கடவுள் வாங்குகிறவர் இல்லை, பிட்டுக் கொடுக்கிறவர். நாங்கள்தான் கை நீட்டி நிற்கிறோம். இதை எனக்கு யாராவது ஏழு வயதில் சொல்லியிருக்கலாம்.

சரி, அம்மாவின் கடைசி மாதங்கள். எலும்புக்குள் நோய் பரவியபிறகு மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். வலி தணிப்பு மருத்துவத்தில் கேரளம் முன்னால் நிற்கிறது, 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி அது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கும் அந்த நிழல் கிடைத்தது. பார்க்க வந்த ஓர் உறவினர், மாத்திரையைக் குறைத்துக்கொண்டு வலியை ஆண்டவருடைய பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுக்கலாமே என்றார். சிலுவையில் அறையும் முன் வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசத்தை இயேசு குடிக்கவில்லையே என்று மாற்கு நற்செய்தியையும் காட்டினார். அன்பில்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அம்மா கேட்டுவிட்டு, "தாகமா இருக்குன்னும் அவரு சொன்னாரே. கொடுத்தப்ப குடிக்கவும் செய்தாரு," என்றார். என் பக்கம் திரும்பி, "மாத்திரைய எடு மக்களே. வேதனை கொஞ்சம் அடங்கினாத்தான் எனக்கு ஜெபம் வரும்."

நோயாளியின் வலியைத் தணிக்க மருந்து கொடுக்கலாம், அதனால் ஆயுள் சற்றுக் குறையக்கூடும் என்றாலும் தணிப்பதற்காகவே கொடுப்பது தவறில்லை என்று போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1957-லேயே மருத்துவர்களிடம் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அதற்காக ஒப்புக்கொடுத்தல் என்பதே வெற்று வார்த்தை என்று நான் சொல்ல வரவில்லை. மாத்திரை போட்டும் அடங்காத இராத்திரிகள் இருந்தன. அப்போது அம்மா என்னைக் கூப்பிடாமல் முனகுவார். ஒருநாள் கிட்டப் போய்க் கேட்டேன். "இண்ணைக்குள்ளத அந்தப் பாறசாலைப் பிள்ளைக்க மோளுக்கு வச்சிருக்கேன்," என்றார். அந்த அக்காவின் மகளுக்கு அப்போது பிரசவ நேரம். தன் எலும்பு வலிக்கும் அந்தப் பெண்ணின் பேறுகாலத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பார்த்ததை மட்டும் சொல்கிறேன். வலி ஒரு மனிதரைச் சுருட்டித் தனக்குள்ளேயே பூட்டிவிடும். அம்மா அந்தப் பூட்டுக்குள்ளே இருந்தும் வெளியே ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டிருந்தார். பவுல் கொலோசையருக்கு எழுதியதில், கிறிஸ்துவின் துன்பங்களில் குறைவாயிருப்பதை என் உடலில் நிறைவு செய்கிறேன் என்கிற விளங்காத ஒரு வரி உண்டு. அந்த அறையில்தான் அது எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

துன்பத்தைப் பற்றி போப் இரண்டாம் யோவான் பவுல் 1984 பிப்ரவரியில் ஒரு மடல் எழுதினார். மூன்று வருஷத்துக்கு முன் வயிற்றில் குண்டு வாங்கியவர். அதில் கடைசிக்கு அருகில் நல்ல சமாரியன் வந்து நிற்கிறான். தன் துன்பத்தால் நன்மை செய்வதும், துன்பப்படுகிறவருக்கு நன்மை செய்வதும் இரண்டும் சேர்ந்ததுதான் கிறிஸ்து கற்பித்தது என்கிறார். முதல் பாதியை மட்டும் பிரசங்கம் செய்து இரண்டாம் பாதியை விட்டுவிட்டால் சபை பெரிய பாவம் செய்கிறது என்று நான் நினைக்கிறேன்.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் பாட்டி படுத்திருந்த காலத்தில் கேட்ட கதை ஒன்று. சாமர்வெல் என்ற ஆங்கில மருத்துவர் 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போனார். பனிச்சரிவில் சுமை தூக்கிய ஏழு பேர் செத்தார்கள், வெள்ளைக்காரர் ஒருவரும் சாகவில்லை. ஏன் எங்களில் ஒருவன்கூட அவர்களோடு போகவில்லை என்று அவர் மனம் கிடந்து தவித்ததை அவரே எழுதியிருக்கிறார். அதே வருஷம் நெய்யூருக்கு வந்தவர், ஆஸ்பத்திரி முன்னால் காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்தார். லண்டன் வேலையை விட்டுவிட்டு இங்கேயே மருத்துவராகிவிட்டார். அந்த ஏழு பேருடைய சாவுக்கு அவர் எந்த விளக்கமும் எழுதியதாக நான் படித்ததில்லை.

ஒக்கி நாட்களுக்கே திரும்புகிறேன். நான் வள்ளவிளை போவதற்குச் சில நாள் முன்னால், டிசம்பர் 7 வியாழக்கிழமை, கடற்கரை ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் குழித்துறை ரயில் நிலையத்துக்கு நடந்தே வந்து தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கடலில் இருப்பவர்களைத் தேடு என்பதுதான் கேட்டது. சாலையோரம் நின்று பார்த்தேன். பெண்கள் கையில் ஜெபமாலை, வாயில் முழக்கம். என் பக்கத்தில் நின்ற ஒருவர், ஜெபம் பண்ணுகிறவர்களுக்கு எதற்கு இந்தப் போராட்டம் என்றார். நானும் அப்போது பாதி மனதோடு தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக இன்றும் வருந்துகிறேன். சிலுவையிலிருந்து வந்த சத்தமே "என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்பதுதானே. கடவுளிடமே ஏன் என்று கேட்டவரைக் கும்பிடுகிறவர்கள், மனிதரிடம் ஏன் என்று கேட்கக் கூடாதா?

அம்மா 2022 ஜூலையில் இறந்தார். மழை. அடக்கத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். நல்ல சாவு என்றார்கள், இனி வேதனை இல்லை என்றார்கள், ஆண்டவருக்குப் பிடித்தவர்களைச் சீக்கிரம் கூப்பிடுவார் என்றார்கள். எல்லாருக்கும் தலையாட்டினேன். யார்மேலும் எனக்குக் கோபம் வரவில்லை, நானும் அதைத்தானே செய்தவன்.

மறுநாள் மத்தியானம் வள்ளவிளை அக்கா வந்தார். அந்த டிசம்பருக்குப் பிறகு களியக்காவிளைச் சந்தையில் மீன் விற்க வரும்போது அவ்வப்போது பார்த்துப் பேசுவோம். யாரோ சொல்லித் தெரிந்திருக்கிறது. மீன் பாத்திரத்தைச் சந்தையிலேயே யாரிடமோ விட்டுவிட்டு, பஸ் பிடித்து, வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சேலை முந்தானையில் உப்பும் மீனும் மணத்தது. என்ன ஆச்சு, எப்படி ஆச்சு, ஒன்றும் கேட்கவில்லை. ரப்பர் இலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் முதல்முறையாக அழுதேன். அவர் என் முதுகில் கை வைத்தார், எடுக்கவில்லை.

வெளிச்சம் மங்கியபோது எழுந்தார். மூத்த மகன் இப்போது தொழிலுக்குப் போகிறான், விடியற்காலம் கரைக்கு வருவான் என்றார்.

"மீன்பாடு உண்டுன்னு போன்ல சொன்னான். நான் போறேன் மக்களே."